எனக்கு முன்னால் மலையேறிய என் பாட்டு

கூடலூர் தாண்டி மலை ஏறினால் வேறு ராஜா, வேறு காசு, வேறு பாஷை. நான் வெளிநாடு போய்வந்தேன் என்று சொன்னால் எங்கள் தெருவில் சிரிக்கிறார்கள். கப்பலில் போனால்தான் வெளிநாடா? நம் ரூபாயை நீட்டினால் முகத்தைச் சுளித்துக்கொண்டு சக்கரக் காசாக மாற்றித் தருகிற ஊர் வெளிநாடு இல்லாமல் வேறென்ன? போன காரியம் வேறு, பார்த்துவிட்டு வந்த காரியம் வேறு. அதனால்தான் எழுதுகிறேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு வரை படிக்க வைத்தார்கள். அந்தப் படிப்பு இதற்காவது உதவட்டும்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். திருவிதாங்கூர் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் பெரிய கங்காணி சொல்லி அனுப்பியிருந்தார். கங்காணி என்றால் கீழேயிருந்து கூலிக்கு ஆள் பிடித்துக்கொண்டு போய், மேலே அவர்களை வேலை வாங்குகிறவர். தோட்டத்து மாரியம்மன் பொங்கலுக்கு நான் வந்து பாட வேண்டுமாம். பாட்டு பிடித்துப்போனால் வருஷா வருஷம் அந்தப் பொங்கல் எனக்கே என்றாராம். அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைக் கிளப்பியது. ஏனென்றால் பள்ளத்தாக்கில் என்னைக் கூப்பிடுவதை எல்லோரும் நிறுத்தியிருந்தார்கள்.

நான் கம்பெனியில் சேராத பாட்டுக்காரி. நாடகக் கம்பெனிக்காரர்கள் இரண்டு தடவை ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். ராஜபார்ட்டுக்கு விசிறி வீச என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டேன். நடவு, கல்யாணம், திருவிழா, சாவு எதுவானாலும் நானும் உறுமி அடிக்கிற என் வீட்டுக்காரரும்தான். அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். கூலியாகத் தானியம் அளந்து போட்டார்கள், மாட்டுத் தொழுவத்துப் பக்கம் இலை போட்டார்கள். ஆனாலும் கூப்பிட்டார்கள்.

எல்லாவற்றிலும் பேர் வாங்கியது ஒரு பாட்டு. மலைக்கு வேலைக்குப் போனவர்களை நினைத்துப் பெண்கள் வட்டமாக நின்று கும்மியில் பாடுவது. நான் எடுத்துக் கொடுக்கும் முதல் சுற்று இப்படி வரும்:

ஏலப்பூ மணக்குதய்யா – மலைமேலே
எளங்காத்து வீசுதய்யா
ஏறிப்போன எம் மக்கா – அங்கன
எம்புட்டுச் சொகமிருக்கோ

இரண்டாம் சுற்றிலும் சுனை, சாரல், குளிர்ச்சி என்று இதே மாதிரிதான் போகும். மூன்றாவதில்தான் பாட்டு திரும்பும்:

சொகமுன்னு சொன்னாகளே – ஏறிப்போயி
சொல்ல ஒரு ஆள் வரலே
பேரச் சொல்லிக் கூப்பிடுறேன் – எம் மக்கா
பேச்சுக் குரல் கேக்கலியே

அதற்குப் பிறகு பாட்டு என்னுடையது இல்லை. வட்டத்தில் நிற்கிற ஒவ்வொருத்தியும் முறைபோட்டு, மலையில் தனக்குச் செத்துப்போனவர் பேரை எடுத்து ஒரு சுற்றுப் பாடுவாள். இதற்குப் பேர் எடுப்பது என்று பெயர். கடைசிப் பெண் பேர் எடுத்து முடிக்கும் வரை தலைப்பாட்டுக்காரி பாட்டை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் செத்தவர்கள் வழி தெரியாமல் மலையிலேயே நிற்பார்கள் என்பார்கள். நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனால் நிறுத்தியதும் இல்லை.

சில வருஷங்களுக்கு முன்னால் மதராஸிலிருந்து ஒரு கிராமபோன் பிளேட்டுக் கம்பெனிக்காரர் வந்து கேட்டுவிட்டு, இந்தப் பாட்டையே பதியலாம் என்று கூட்டிக்கொண்டு போனார். பிளேட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம்தான் என்பதைப் பாடும்போதுதான் தெரிந்துகொண்டேன். இரண்டாம் சுற்று முடிந்து மூன்றாவதற்கு மூச்சு இழுத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கையைத் தூக்கினார். பிடில்காரர் ஓர் இழுப்பு இழுத்து மங்களமாக முடித்துவிட்டார். மிச்சம் இருக்கிறதே என்றேன். இதுவே பிரமாதம் என்று காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பிளேட்டின் நடுவில் ஒட்டுகிற காகித வட்டத்தில் ‘மிஸ் முத்து, மதுரை’ என்று அச்சடித்தார்கள். என் பெயர் முத்திருளாயி, ஊர் சீலையம்பட்டிப் பக்கம், எனக்கு இரண்டு பிள்ளைகள். அதெல்லாம் அந்த வட்டத்துக்குள் அடங்காதாம்.

அதோடு தொழில் படுத்தது. கல்யாண வீட்டுக்காரர்கள் கிராமபோன் பெட்டியை வாடகைக்கு எடுக்க ஆரம்பித்தார்கள். பெட்டிக்குச் சோறு போட வேண்டாம், தொண்டை கட்டாது, சாவியைச் சுற்றினால் போதும். என் பாட்டைக் கேட்க என்னை எதற்குக் கூப்பிட வேண்டும்? எனக்கு வேறொருத்தி போட்டியாக வந்திருந்தால் ஒரு கை பார்த்திருப்பேன். வந்தது நானேதான்.

வழியில் ஏறினால் இடம் கிடைக்காது என்று தேனிக்கே போய்க் காலையில் பஸ் ஏறினோம். கரி வண்டி. பெட்ரோல் எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டதால், பஸ்ஸின் முதுகில் இரும்பு அடுப்பு ஒன்றைக் கட்டி, அதில் கரியைக் கொட்டி எரிப்பார்கள். கிளீனர் கைவிசிறியைச் சுற்று சுற்றென்று சுற்றிப் புகை கிளப்பினால்தான் வண்டி நகரும். வீரபாண்டி வருவதற்குள் இரண்டு தடவை நின்றது. இரண்டு தடவையும் ஆண்களை மட்டும் இறக்கித் தள்ளச் சொன்னார்கள். சின்னமனூர் மேட்டில் பெண்களையும் இறக்கினார்கள். காசு கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொண்டு பஸ்ஸை நாங்கள் சுமந்து போன மாதிரி ஆயிற்று. என் வீட்டுக்காரர் உறுமியைக் கழுத்தை விட்டுக் கழற்றாமல் தள்ளினார். கீழே வைத்தால் யாராவது மிதித்துவிடுவார்களாம்.

உத்தமபாளையத்தில் கரி போட வண்டியை நிறுத்தினார்கள். எதிரே ஒரு டீக்கடை. உள்ளே மேசை போட்டு, மேசைக்குத் துணி விரித்து, துணி மேல் கிராமபோன் பெட்டி. பெட்டிக்குச் சரம் சரமாக மல்லிகைப்பூ. அதிலிருந்து நான்தான் பாடிக்கொண்டிருந்தேன். உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருக்காரர்கள் அந்தக் கடைக்குள் போகக் கூடாது. பக்கவாட்டுச் சந்தில் நின்று கூப்பிட்டால், சிரட்டையில் டீயை உயரத் தூக்கி ஊற்றுவார்கள். நானும் அப்படியே வாங்கிக் குடித்தேன். என் குரலை உள்ளே உட்காரவைத்துப் பூச்சூட்டியிருக்கிறார்கள், அதைச் சுமந்துகொண்டு வந்த கழுத்துக்கு வெளியே சிரட்டை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. டீயில் சர்க்கரையும் இல்லை, யுத்தம் என்றார்கள்.

எங்களோடு பஸ்ஸில் வந்த ராவுத்தர் ஒருவர் ஏலக்காய் வாங்க மேலே போகிறவர். என் வீட்டுக்காரர் அவரிடம், பெட்டியில் பாடுவது இவள்தான் என்று சொல்லிவிட்டார். ராவுத்தர் என்னை ஒரு தடவையும் பெட்டியை ஒரு தடவையும் பார்த்தார்.

“கம்பஞ் சந்தைல வண்டி மேல பெட்டிய வச்சு இந்தப் பாட்டத்தேன் போடுறாக தாயி,” என்றார். “மலங்காட்டுக் கங்காணி ஒருத்தரோட ஆளுக. போட்ட ஒடனே சனம் அப்படி வந்து மொய்க்குது.”

வெட்கத்தை விட்டுச் சொன்னால், எனக்குப் பெருமையாக இருந்தது. கூப்பிட்ட கங்காணி என் பாட்டின் அருமை தெரிந்தவர் போலிருக்கிறது என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். ராவுத்தர் தன் வீட்டில் கட்டிக் கொடுத்திருந்த நெய்ச்சோற்றில் பாதியை இலையில் வைத்து எங்களுக்குக் கொடுத்தார். பல நாளாகக் கம்பங்கூழையே பார்த்திருந்த நாக்கு அந்தச் சோற்றை விழுங்க மனசில்லாமல் வைத்துக்கொண்டிருந்தது.

லோயர் கேம்ப்பில் எல்லோரையும் இறக்கி வரிசையில் நிறுத்தினார்கள். அரிசி மலைக்கு மேலே போகக் கூடாது என்று உத்தரவு. மேலே பஞ்சம், கீழே இருந்து கொண்டுபோனால் கேட்ட விலை. அதனால் சனங்கள் அரிசியைத் தலையணையில் தைத்தார்கள், விளக்குமாற்றுக் கட்டுக்குள் செருகினார்கள், வயிற்றில் கட்டிக்கொண்டார்கள். சோதனை போட்ட காவல்காரர் உறுமியைக் கையில் வாங்கி ஆட்டிப் பார்த்தார். ஒரு சத்தமும் வரவில்லை. இறுக்கி அடைத்திருப்பதால்தான் சத்தம் வரவில்லை என்று அவரே முடிவு கட்டினார். மூட்டையில் குத்தி அரிசி பார்க்கிற குத்தூசியை எடுத்து, உறுமியின் ஒரு பக்கத்துத் தோலில் ஒரு குத்துக் குத்தினார். ஒன்றும் கொட்டவில்லை. திருப்பி மறுபக்கமும் குத்தினார்.

“கேட்டிருந்தா வார அவுத்தே காட்டிருப்பேனே சாமி,” என்றார் என் வீட்டுக்காரர். ஓரமாகப் போய் உட்கார்ந்து, கிழிந்த தோலில் விரலை விட்டுத் தடவிக்கொண்டிருந்தார். எங்களுக்கு முன்னால் நின்ற நிறைமாதக்காரியை மட்டும் பாவம் என்று விட்டுவிட்டார்கள். குமுளியில் அவள் ஒரு கடையின் பின்பக்கம் போய், வயிறு ஒட்டி வெளியே வந்தாள். பிறந்தது இரண்டு மரக்கால் சம்பா அரிசி.

கரி வண்டிக்கு மலை ஏறத் தெம்பில்லை. சாமானைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தோம். கீழே பெரிய பெரிய குழாய்களுக்குள் தண்ணீர் இறங்குகிற இரைச்சல் வெகு தூரம் கேட்டது. அந்தத் தண்ணீரில்தான் எங்கள் பள்ளத்தாக்கு வயல் எல்லாம் விளைகிறது. தண்ணீர் கீழே வருகிறது, ஆட்கள் மேலே போகிறார்கள் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். பொதுவாக அவர் பேசுவதே அபூர்வம்.

குமுளியில் ஒரு சாப்பாட்டுக் கடை. சோறு கிடையாது. வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும் மிளகாய் அரைத்த துவையலும், பால் இல்லாத கறுப்புத் தேயிலைத் தண்ணீரும்தான். கடைக்காரம்மா எங்களைப் பெஞ்சில் உட்காரச் சொன்னாள். உட்கார எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. பாண்டி நாட்டில் அரிசி குவிந்து கிடக்கிறதாமே, அதை விட்டுவிட்டு ஏன் கிழங்கு தின்ன வந்தீர்கள் என்று அவள் பாஷையில் கேட்டாள். பாட வந்தோம் என்றேன். பாட்டுக்கு இங்கே பஞ்சமே இல்லையே என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போனாள். அவள் சொன்னதன் அர்த்தம் எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது.

மறுநாள் தோட்டத்துக்கு நடை. அட்டைகளைப் பற்றிச் சொல்லாமல் அந்த வழியைப் பற்றிச் சொல்ல முடியாது. புல்லுக்குப் புல் தொங்கிக்கொண்டிருக்கும். கடிப்பது தெரியாது, ரத்தம் வழிந்த பிறகுதான் தெரியும். எதிரே வந்த, தேயிலைக் கொழுந்து கிள்ளுகிற பெண்கள் காலில் சோப்பும் புகையிலையும் குழைத்துப் பூசியிருந்தார்கள். எங்களுக்கும் கொஞ்சம் கொடுத்தார்கள். எந்த ஊர், யார் மக்கள் என்று கேட்டார்கள். போடி, ஆண்டிபட்டி, கம்பம் என்று அத்தனை பேரும் எங்கள் பக்கத்தவர்கள்தான். பாதிப் பேருக்கு முகம் மஞ்சள் பூத்துக் கிடந்தது. மஞ்சள் பூசியதால் வந்த மஞ்சள் இல்லை. மலைக்காய்ச்சல் வந்து போனால் அப்படித்தான் இருக்குமாம்.

லயன் என்று சொல்கிற வீடுகளைக் கண்ணால் பார்த்தேன். நீளமாக ஒரே கூரை, அதற்குள் வரிசையாக ஒற்றை அறைகள், அறைக்கு இரண்டு குடும்பம். எங்கள் தெருவை நான் எத்தனையோ திட்டியிருக்கிறேன். ஆனால் எங்கள் தெருவில் ஒருவர் இருமினால் அடுத்த வீட்டுக்காரர் எழுந்து உட்கார வேண்டியதில்லை.

பெரிய கங்காணி எங்களை நன்றாகவே வரவேற்றார். கறுப்புக் கோட்டு, தலையில் கம்பளிக் குல்லாய், காதில் கடுக்கன். பேச்சு தேனாக இருந்தது. எங்களைத் தங்க வைத்த இடத்துக்கே கோழிக்குழம்பு அனுப்பினார். சாப்பிட்டு முடித்ததும் கூப்பிட்டுத் தன் கிராமபோன் பெட்டியைக் காட்டினார். பட்டுத்துணி போட்டு மூடி வைத்திருந்தார். இதே மாதிரி கீழே சந்தைக்கு ஒன்று வைத்திருப்பதாகவும் சொன்னார். உறை கிழியாமல் என் பிளேட்டு அதன் பக்கத்திலேயே இருந்தது. இதைத் தினமும் கேட்பேன், இதில் மலையை எத்தனை அழகாகச் சொல்லியிருக்கிறாய் என்றார். மூன்றாம் சுற்றைப் பற்றி அவருக்குத் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அவரே தீர்த்து வைத்தார்.

“பிளேட்டுல உள்ளபடியே பாடிரு ஆத்தா,” என்றார். “கூட்டவும் வேண்டாம், கொறைக்கவும் வேண்டாம். பொங்கலும் அதுவுமா பேர் எடுக்குற வேல இங்கன ஆகாது. நல்லபடியாப் பாடினா இந்தப் பொங்கல் எந்நாளும் ஒனக்குத்தேன். இல்லேன்னா இருக்கவே இருக்கு பெட்டி.”

சரி என்றோ முடியாது என்றோ நான் சொல்லவில்லை. அவர் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார். திரும்பி வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கிழிந்த உறுமியைப் பார்த்துக்கொண்டே, பிள்ளைகள் இரண்டும் சோறு கேட்கும் என்பதை மட்டும் சொன்னார். எனக்கு அது தெரியாதா? பிளேட்டில் உள்ளபடியே பாடிவிடுவது என்றுதான் படுத்தேன்.

மறுநாள் பொங்கல். பெரட்டுக் களம் என்று ஒரு மைதானம், காலையில் கூலிகளை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுகிற இடம். மத்தியானம் பூசை முடிந்து எல்லோரும் அங்கே கூடினார்கள். உறுமி இல்லாததால் என் வீட்டுக்காரர் மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கவிழ்த்துப் போட்டுத் தாளம் தட்டினார். முப்பது நாற்பது பெண்கள் வட்டமாக நின்றார்கள். “ஏலப்பூ மணக்குதய்யா” என்று எடுத்தேன். கூட்டம் முழுக்கச் சேர்ந்து பாடியது. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. காரணம், நான் மூச்சு விட்ட இடத்தில் அவர்கள் விட்டார்கள். மதராஸில் தொண்டை கமறி ஒரு சொல்லில் லேசாக இழுபட்டிருந்தேன், அவர்களும் அங்கே இழுபட்டார்கள். இன்றைக்கு நான் இழுபடாமல் பாடியதும், தப்பாகப் பாடுகிறாள் என்று ஒருத்தி பக்கத்துக்காரியிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

இரண்டாம் சுற்று முடிந்தது. வட்டம் சட்டென்று நின்றது. பிடில் இழுப்பை வாயாலேயே இழுத்துக் காட்டிவிட்டு, எல்லோரும் கைதட்டிக் கலைய ஆரம்பித்தார்கள். அவர்களுக்குப் பாட்டு அங்கே முடிந்துபோயிற்று. இவர்களில் பல பேர் ஊரில் பேர் எடுத்தவர்கள். இரண்டு பேரை நானே அடையாளம் கண்டேன், என் வட்டத்தில் நின்று அழுது பாடியவர்கள். மூன்று நிமிஷத்துக்கு மேல் அவர்களுக்கும் அந்தப் பாட்டு ஞாபகம் இல்லை.

பிள்ளைகள், வருஷாந்திரப் பொங்கல் எல்லாம் மறந்துபோயிற்று. “சொகமுன்னு சொன்னாகளே” என்று மூன்றாவதை எடுத்துவிட்டேன். என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். ஆனால் தகரத்தை நிறுத்தவில்லை, இன்னும் பலமாகத் தட்டினார். கலைந்தவர்கள் நின்றார்கள். பேரச் சொல்லிக் கூப்பிடுறேன் என்ற இடம் வந்ததும் நாலைந்து பேர் வட்டத்துக்குத் திரும்பி வந்தார்கள். வட்டத்தின் அந்தக் கோடியில், மஞ்சள் பூத்த முகம் ஒன்று வாயைத் திறந்தது. அவள் பேர் எடுக்கப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

அந்த நேரத்தில் கங்காணி உட்கார்ந்திருந்த மேடையிலிருந்து என் குரல் கேட்டது. பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருந்த பெட்டியை அவர் திறந்து சாவி கொடுத்து ஊசியை வைத்துவிட்டார். பெட்டியின் புனல் அத்தனை பெரியது. நான் உயர்த்தினேன், அதுவும் உயர்ந்தது. அதற்கு மூச்சு முட்டவில்லை, எனக்கு முட்டியது. கூட்டம் மெல்லத் திரும்பிப் பெட்டியைப் பார்த்தது. பழக்கப்பட்ட பாட்டு வந்ததும் பெண்கள் மறுபடி கும்மி கொட்டினார்கள். நான் நடுவில் வாயைத் திறந்தபடி நின்றேன். தன் பாட்டிலேயே தான் தோற்று நிற்பது எப்படி இருக்கும் என்று இனி யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கங்காணி கோபப்படவே இல்லை. பேசிய கூலியைத் தட்டில் வைத்து, வெற்றிலை பாக்கும் வைத்துக் கொடுத்தார். அடுத்த வருஷத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

விடிந்ததும் கிளம்பினோம். லயனைத் தாண்டிய வளைவில் அந்த மஞ்சள் முகக்காரி கூடையோடு நின்றிருந்தாள். பெயர் வீராயியாம், ஊர் மயிலாடும்பாறை. மலைக்கு வேலைக்குப் போக இன்னும் சங்கு ஊதவில்லை, கொஞ்சம் நேரம் இருக்கிறது என்றாள். நேற்று எடுக்க வந்த பேரை இப்போது எடுக்கட்டுமா என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் தோளிலிருந்த உறுமியை இறக்கி, அதன் கட்டையில் விரலால் தாளம் போட்டார். அவள் எனக்குக் கேட்கிற அளவுக்கு மட்டும் பாடினாள்:

மயிலாடும்பாறைக் கருப்பையா – உன்ன
மலைக்காய்ச்சல் தின்னதய்யா
பொதச்ச எடம் மூடிப்போயி – அங்கன
தேயிலையும் தளுத்ததய்யா

கருப்பையா அவள் புருஷன். வந்த முதல் மழைக்கே போய்விட்டார். ஏன் ஊரை விட்டு வந்தீர்கள், மலையைப் பற்றித் தெரியாதா என்று கேட்டேன்.

“கம்பஞ் சந்தைல ஒங்க பாட்டக் கேட்டுத்தேன் வந்தோம்,” என்றாள். அவள் குரலில் குற்றம் சொல்கிற தொனி கொஞ்சமும் இல்லை. “பெட்டில போட்டாக. ஏலப்பூவும் எளங்காத்துமா எம்புட்டு நல்லாச் சொல்றாக பாரு, போவமா புள்ளன்னு அவுகதேன் கேட்டாக. அன்னைக்கே முன்பணம் வாங்கிக் கைநாட்டு வச்சோம்.”

சங்கு ஊதியது. அவள் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டாள். போகும்போது, இந்தப் பேரைக் கீழே போய்ப் பாடுவீர்களா என்று கேட்டாள். பாடுகிறேன் என்றேன். பிளேட்டில் ஏற்றிவிட்டால் இன்னும் நல்லது, அழியாது என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

இறங்குகிற வழியெல்லாம் அதே நினைப்புதான். மலைக்கு அனுப்பிக் கொன்றதற்காக அழுகிற பாட்டு. அதன் அழுகையை அறுத்து எறிந்துவிட்டு, முன்பாதியை மட்டும் வைத்து இன்னும் ஆள் பிடிக்கிறார்கள். மதராஸ்காரருக்கு நேரம் போதவில்லை, கங்காணிக்கு அந்த நேரம் போதுமானதாக இருந்தது. நான் சந்தில் சிரட்டையோடு நின்ற அன்று ராவுத்தர் சொன்னதற்குப் பெருமை வேறு பட்டிருந்தேன். மயிலாடும்பாறைக் கருப்பையா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நடந்தேன். லோயர் கேம்ப்பில் எங்களை யாரும் சோதிக்கவில்லை. கீழே இறங்குகிறவர்களிடம் என்ன இருக்கப்போகிறது?

மறுநாள் கம்பம். சந்தை நாள். ஆட்டுத் தரகர்கள், கருவாட்டுக் கூடைகள், வளையல்காரர்கள் எல்லோரையும் தாண்டி ஒரு புளியமரத்தடியில் கூட்டம். மாட்டு வண்டி மேல் பெட்டி. பெட்டிக்குப் பக்கத்தில் மைப்பெட்டியோடு கங்காணியின் ஆள் ஒருவன் உட்கார்ந்து, வரிசையில் நின்றவர்களிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டிருந்தான். என் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மழை பெய்யாத வருஷம் அது. கேட்டவர்கள் முகத்தில் குளிர்ச்சி தெரிந்தது.

பிளேட்டு முடிந்து பிடில் இழுப்பு அடங்குவதற்குள் நான் முன்னால் போய் நின்று மூன்றாம் சுற்றை எடுத்தேன். என் வீட்டுக்காரர் வண்டிப் பலகையில் தட்டினார். விடாமல் அடுத்த சுற்றையும் பாடினேன். மயிலாடும்பாறைக் கருப்பையாவை மலைக்காய்ச்சல் தின்றதை, புதைத்த இடத்தில் தேயிலை தளிர்த்ததை, தொண்டை கிழிய அந்தச் சந்தை முழுக்கக் கேட்கும்படி பாடினேன். வண்டி மேல் இருந்தவன் தடுக்கவில்லை. யாரோ பிச்சைக்காரி என்று நினைத்திருப்பான். பிளேட்டில் இருக்கிற குரல் மாதிரியே இருக்கிறதே என்று கூட்டத்தில் யாரோ மெச்சிக்கொண்டார்கள். ஒரு காலணா வந்து என் காலடியில் விழுந்தது.

ஒரே ஒரு பெரியவர் மட்டும் வரிசையை விட்டு என்னிடம் வந்தார்.

“எந்த ஊருக் கருப்பையா, தாயி?”

“மயிலாடும்பாறை,” என்றேன். “மேல தேயிலத் தோட்டத்துல காய்ச்சல் வந்து செத்துப் போனாக. அங்கன போகாதீக அய்யா.”

அவர் கண்ணை மூடி, நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார்.

“எம் மகன் பேரும் கருப்பையாதேன். அவனும் மேலதேன் இருக்கான். நாங்க ராயப்பன்பட்டி,” என்றார். “நல்லவேள தாயி. நம்மாளு இல்ல.”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். தள்ளி நின்ற மருமகளையும் அவள் இடுப்பிலிருந்த பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய், கைநாட்டு வைக்கிற வரிசையில் பழைய இடத்திலேயே நின்றார். வண்டி மேல் இருந்தவன் சாவியைச் சுற்றி, பிளேட்டில் ஊசியை வைத்தான்.

“ஏலப்பூ மணக்குதய்யா” என்று பெட்டிக்குள்ளிருந்து நான் மறுபடியும் பாடத் தொடங்கினேன்.